தூரம், வேகம், காலம்: விகிதக் கணக்கின் வழி

வெளிமாநிலங்களில் வாழும் தமிழரிடம், "உங்கள் ஊர் இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று எவரேனும் கேட்டால், கிலோமீட்டர்க் கணக்கில் விடையளிப்போர் மிகச் சிலரே. "இரண்டு இரவும் ஒரு பகலும்" என்பார் தில்லியில் இருப்பவர். "ஏறக்குறைய ஒரு முழு நாள்" என்பார் மும்பையில் இருப்பவர். கேட்கப்பட்டது தூரம், கூறப்பட்டதோ காலம். ஆயினும் கேட்டவர் குழப்பமடைவதில்லை. புகைவண்டியின் வேகம் இன்னதென்று இருவரும் மனத்தில் கொண்டிருப்பதால், காலத்தைச் சொன்ன அளவிலேயே தூரமும் விளங்கிவிடுகிறது. நம் முன்னோரும் "ஒரு நாழிகை வழி" என்றே பேசினர். நாழிகை என்பது 24 நிமிடம். மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவருக்கு அது 2 கிலோமீட்டர். ஆகவே தூரம், வேகம், காலம் என்னும் மூன்றையும் இணைத்துப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதியதன்று.

எனினும் நம் பிள்ளைகள் பள்ளியிலும், பின்னர் அரசுப் பணித் தேர்வுகளிலும் மிகுதியாக அஞ்சும் கணக்குகளுள் இதுவும் ஒன்றாக இருக்கிறது. காரணம் என்ன? தூரத்தைக் காலத்தால் வகுத்தால் வேகம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் காலம். வேகத்தைக் காலத்தால் பெருக்கினால் தூரம் என்று மூன்று சூத்திரங்களை அவர்கள் மனப்பாடம் செய்கின்றனர். கணக்கில் இரண்டு எண்கள் கொடுக்கப்பட்டிருந்தால் மூன்றாவதைக் கண்டுபிடித்துவிடுகின்றனர். தூரமும் கொடுக்கப்படாமல், வேகமும் கொடுக்கப்படாமல், விகிதம் மட்டும் கொடுக்கப்பட்டால் சூத்திரம் வாய் திறப்பதில்லை. பிள்ளைகளும் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இருவருடைய நடை வேகங்கள் 3 : 4 என்னும் விகிதத்தில் உள்ளன. ஒரே தூரத்தைக் கடக்க, முதலாமவர் இரண்டாமவரைவிட 10 நிமிடம் அதிகமாக எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொருவருக்கும் ஆகும் காலம் எவ்வளவு? தூரம் தெரியாது, வேகம் தெரியாது. ஆயினும் இக்கணக்கை அரை நிமிடத்தில் மனத்திலேயே தீர்த்துவிடலாம். எவ்வாறு என்பதைக் காண்போம்.

விகிதம் என்பது பங்குகளின் பேச்சு. நம் வீட்டுச் சமையலறையில் அது நாள்தோறும் நடைபெறுகிறது. இட்லிக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று அளந்து போடுகின்ற தாய், அளப்பது ஆழாக்கா, படியா, எவர்சில்வர்த் தம்ளரா என்று கவலைப்படுவதில்லை. நால்வருக்குச் செய்தாலும் நாற்பதின்மருக்குச் செய்தாலும் 4 : 1 மாறுவதில்லை. பங்கின் அளவு பிறகு தெரிந்தால் போதும். கணக்கிலும் இதுவே முறை. முதலில் பங்குகளை எழுதுக. ஒரு பங்கு எவ்வளவு என்பதைப் பின்னர்க் காண்க.

இனி, மூன்று அளவுகளுள் ஒன்று சமமாக நிற்கும்போது மற்ற இரண்டும் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை அறிந்தால் எல்லாக் கணக்குகளும் எளிதாகிவிடும். முதலாவது நிலை, காலம் சமமாக இருப்பது. அப்போது வேகத்தின் விகிதமே தூரத்தின் விகிதம். இருமடங்கு வேகத்தில் செல்பவர் அதே நேரத்தில் இருமடங்கு தூரம் செல்வார். இரண்டாவது நிலை, வேகம் சமமாக இருப்பது. அப்போது காலத்தின் விகிதமே தூரத்தின் விகிதம். இவ்விரண்டும் நேர் விகிதம். மூன்றாவது நிலை, தூரம் சமமாக இருப்பது. அப்போது மட்டும் விகிதம் தலைகீழாகத் திரும்புகிறது. வேகம் 3 : 4 என்றால் காலம் 4 : 3. விரைந்து செல்பவருக்குக் குறைந்த காலமே போதும் என்பதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இதனைத் தலைகீழ் விகிதம் அல்லது எதிர் விகிதம் என்பர்.

மேலே கண்ட கணக்குக்கு இப்போது விடை கூறலாம். தூரம் ஒன்றே. ஆகவே காலங்கள் 4 : 3. வேறுபாடு ஒரு பங்கு. அந்த ஒரு பங்கே 10 நிமிடம். எனவே முதலாமவருக்கு 40 நிமிடம். இரண்டாமவருக்கு 30 நிமிடம். எழுதுகோலும் தேவைப்படவில்லை.

தேர்வுகளில் அடிக்கடி வருவது இக்கணக்கின் மற்றொரு வடிவம். ஒருவர் தம் வழக்கமான வேகத்தில் முக்கால் பங்கு வேகத்தில் நடந்து, அலுவலகத்தை 20 நிமிடம் பிந்தி அடைகிறார். அவருக்கு வழக்கமாக ஆகும் காலம் என்ன? வழக்கமான வேகத்துக்கும் இன்றைய வேகத்துக்கும் உள்ள விகிதம் 4 : 3. ஆகவே காலங்கள் 3 : 4. ஒரு பங்கு 20 நிமிடம். வழக்கமான காலம் மூன்று பங்கு, அதாவது 60 நிமிடம். இங்கே ஒரு தடுமாற்றம் நேர்வதுண்டு. "வேகம் கால்பங்கு குறைந்தது, ஆகவே காலமும் கால்பங்கு கூடும்" என்று எண்ணிவிடுகின்றனர். கூடியது கால்பங்கன்று, மூன்றில் ஒரு பங்கு. அதுபோலவே வேகத்தைக் கால்பங்கு கூட்டினால், வேகம் 4 : 5 ஆகிறது, காலம் 5 : 4 ஆகிறது, குறைவது ஐந்தில் ஒரு பங்கே. பின்னத்தை அப்படியே பெயர்த்து வைக்காமல், விகிதமாக எழுதித் தலைகீழாக்கினால் இத்தடுமாற்றம் வாராது.

அடுத்து, காலம் சமமாக உள்ள கணக்கு. புதுதில்லியிலிருந்து சென்னைக்கு நாகபுரி, விஜயவாடா வழியாகப் புகைவண்டிப் பாதை ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். கணக்கின் வசதிக்காக 2,200 என்று வைத்துக்கொள்வோம். தில்லியிலிருந்து ஒரு வண்டியும் சென்னையிலிருந்து மற்றொரு வண்டியும் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. தில்லி வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். சென்னை வண்டியினுடையது 50. அவை எங்கே எதிர்ப்படும்? சந்திக்கும் வரை இரண்டும் ஓடிய காலம் ஒன்றே. ஆகவே கடந்த தூரங்கள் 6 : 5. மொத்தம் 11 பங்கு. ஒரு பங்கு 200 கிலோமீட்டர். தில்லி வண்டி கடந்தது 1,200. சென்னை வண்டி கடந்தது 1,000. நாகபுரியைத் தாண்டி, பல்லார்ஷாவை அடைவதற்கு முன்னர், புறப்பட்ட இருபதாவது மணியில் அவை ஒன்றையொன்று கடந்து செல்லும்.

சன்னலோரம் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குத் தரத்தக்க ஒரு கணக்கும் உண்டு. வண்டி சீரான வேகத்தில் செல்கிறது. ஒரு கம்பத்தை முழு வண்டியும் கடக்க 10 விநாடி ஆகிறது; ஒரு நடைமேடையைக் கடக்க 30 விநாடி ஆகிறது. நடைமேடை வண்டியைப் போல் எத்தனை மடங்கு நீளம்? வேகம் சமம், ஆகவே தூரங்கள் 1 : 3. கம்பத்தைக் கடக்கும்போது வண்டி செல்வது தன் நீளம் மட்டுமே. நடைமேடையைக் கடக்கும்போது தன் நீளத்தோடு நடைமேடையின் நீளத்தையும் சேர்த்துச் செல்கிறது. மூன்று பங்கில் ஒரு பங்கு வண்டியினுடையது என்றால் எஞ்சிய இரண்டு பங்கு நடைமேடை. வண்டி மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது என்று கூடுதலாகத் தெரிந்தால், உண்மை நீளங்களையும் கூறிவிடலாம். மணிக்கு 18 கிலோமீட்டர் என்பதும் விநாடிக்கு 5 மீட்டர் என்பதும் ஒன்றே. 54 என்பது 18-இன் மும்மடங்கு. ஆகவே விநாடிக்கு 15 மீட்டர். வண்டி 150 மீட்டர். நடைமேடை 300 மீட்டர்.

சராசரி வேகம் என்பது மற்றொரு கண்ணி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் ஊருக்குச் சென்று, 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் சராசரி 50 என்று சொல்லத் தோன்றும். தூரம் சமம், வேகங்கள் 2 : 3, ஆகவே காலங்கள் 3 : 2. மெதுவான வேகத்தில் மூன்று மணி கழிந்தால் விரைவான வேகத்தில் இரண்டு மணியே கழிகிறது. ஐந்து மணியில் 120-உம் 120-உம் சேர்ந்து 240 கிலோமீட்டர். சராசரி 48 தான். மெதுவாகச் சென்ற பகுதி அதிக நேரத்தை விழுங்கிவிடுவதால், சராசரி அதன் பக்கமே சாய்கிறது.

இது தேர்வுத்தாளோடு முடிகின்ற செய்தியன்று. நம்மில் பலருக்கு ஊர்ப்பயணம் என்பது விடுமுறைக் களிப்பு மட்டுமன்று. நோயுற்ற பெற்றோரைக் காண விரைபவரும், நேர்முகத் தேர்வுக்குச் செல்பவரும், மணநாளுக்கு முதல் நாளேனும் போய்ச் சேர வேண்டும் என்று புறப்படுபவரும் அவ்வண்டியில் இருக்கின்றனர். வழியில் வண்டி தாமதப்பட்டால், "இனி விரைந்து ஓட்டி ஈடுசெய்துவிடுவார்கள்" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் கூறிக்கொள்கிறோம். அந்த ஆறுதல் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை விகிதம் நமக்குச் சொல்லிவிடும்.

தில்லியிலிருந்து சென்னைக்கு 33 மணிப் பயணம் என்று கொள்வோம். நாகபுரி ஏறத்தாழ நடுவழி. குறித்த நேரப்படி அங்கு 16½ மணியில் சேர வேண்டும். வண்டி மூன்று மணி பிந்தி, 19½ மணியில் சேர்ந்தது. எஞ்சிய பாதியை 13½ மணியில் கடந்தால்தான் நேரத்துக்குச் சென்னை சேரலாம். தூரம் சமம். காலங்கள் 16½-க்கு 13½, அதாவது 11 : 9. ஆகவே வேகம் 9-லிருந்து 11-க்கு உயர வேண்டும். நிற்கும் நிலையங்களையும் சேர்த்து மணிக்கு 66⅔ கிலோமீட்டராக இருந்த சராசரி, 81 கிலோமீட்டரையும் தாண்ட வேண்டும். நீண்ட தூரத்துக்கு இவ்வுயர்வைக் காப்பது அரிது. நாகபுரியை அடையவே 33 மணி ஆகிவிட்டதென்றால், பிறகு எந்த வேகமும் பயன்படாது. மொத்தப் பயணத்துக்குரிய காலம் முழுவதும் அங்கேயே செலவாகிவிட்டது. நடுவழி வரை பாதி வேகத்தில் சென்றவர், மறு பாதியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்தாலொழியக் குறித்த நேரத்தில் சேர இயலாது. எனவே, தவறவிடக்கூடாத காரியம் உள்ளவர் ஒரு வண்டிக்கு முந்திய வண்டியில் புறப்படுவதே அறிவுடைமை. வேகத்தை நம்புவதினும் காலத்தை நம்புவது மேல்.

சாலைப் பயணத்திலும் இதே உண்மை வேறொரு முகம் காட்டுகிறது. 100 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 5 மணி ஆகும். வேகத்தை 40 ஆக்கினால் 2½ மணி மிச்சம். ஆனால் 80-இல் செல்பவர் 100 ஆக்கினால் மிச்சமாவது 15 நிமிடமே. இரண்டு இடத்திலும் கூட்டப்பட்ட வேகம் அதே 20 தான். முதலில் விகிதம் 1 : 2, பின்னதில் 4 : 5. ஆதாயம் விகிதத்தைப் பொறுத்தது. கூட்டிய எண்ணைப் பொறுத்ததன்று. நகருக்குள் 12 கிலோமீட்டர் செல்பவர் 40-க்குப் பதிலாக 60-இல் விரைந்தால், சாலையில் தடையே இல்லாவிட்டாலும் பெறுவது 6 நிமிடம். ஆனால் தடுப்பானை அழுத்தியபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 2 : 3 என்றால் அத்தூரம் 4 : 9. ஆறு நிமிடத்துக்காக, நிற்க வேண்டிய தூரத்தை இருமடங்குக்கு மேலாக்கிக்கொள்கிறோம். இருசக்கர வண்டியில் வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு இக்கணக்கை ஒருமுறையேனும் போட்டுக் காட்டுவது பெற்றோர் கடமை.

சற்றே கடினமான கணக்கு ஒன்றையும் பார்த்துவிடுவோம். எதிரெதிரே ஒரே நேரத்தில் புறப்பட்ட இரு வண்டிகள் வழியில் சந்தித்தபின், முதல் வண்டி 16 மணியிலும், இரண்டாம் வண்டி 25 மணியிலும் தத்தம் இலக்கை அடைகின்றன. வேகங்களின் விகிதம் என்ன? சந்தித்தபின் முதல் வண்டி கடக்க வேண்டியது, இரண்டாம் வண்டி அதுவரை கடந்து வந்த தூரம். அதே தூரத்தை இரண்டாம் வண்டி, புறப்பட்டதுமுதல் சந்திப்புவரை உள்ள காலத்தில் கடந்தது. முதல் வண்டி 16 மணியில் கடக்கிறது. ஆகவே வேக விகிதம், சந்திப்புவரை சென்ற காலத்துக்கும் 16-க்கும் உள்ள விகிதம். மறுபக்கத்தில் இவ்வாறே நோக்கினால், அவ்வேக விகிதம் 25-க்கும் சந்திப்புவரை சென்ற காலத்துக்கும் உள்ள விகிதமாகும். இரண்டும் ஒன்றாக வேண்டுமானால், அந்தக் காலத்தை அதனாலேயே பெருக்கினால் 16-ஐ 25-ஆல் பெருக்கிய 400 கிடைக்க வேண்டும். எனவே அது 20 மணி. வேகங்கள் 20 : 16, அதாவது 5 : 4.

இம்முறை பாரதநாட்டுக்கு மிகப் பழையது. கி.பி. 499-இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்திலேயே மூன்று அளவுகளைக் கொண்டு நான்காவதைக் காணும் திரைராசிக விதி கூறப்பட்டுள்ளது. 1150-ஐ ஒட்டி பாஸ்கராசாரியர் இயற்றிய லீலாவதியில் நேர் விதியோடு தலைகீழ் விதிக்கும் எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன. தமிழில் காரி நாயனார் பெயரால் வழங்கும் கணக்கதிகாரம், அளவைகளையும் கணக்கு வழிகளையும் செய்யுளில் கூறும் நூல்.

நாள்தோறும் நாம் பார்க்கும் கடிகாரமும் ஒரு விகிதக் கணக்கே. புவி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்தியப் பொது நேரத்துக்கு அடிப்படையான கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகை. அதனை 4-ஆல் பெருக்கினால் 330 நிமிடம். அதாவது கிரீன்விச்சைவிட 5½ மணி முன். சென்னையின் தீர்க்கரேகை ஏறத்தாழ 80¼ பாகை. அதற்குரிய காலம் 5 மணி 21 நிமிடம். இந்தியப் பொது நேரம் 1906-இல் நடைமுறைக்கு வருமுன், நம் நாட்டு இருப்புப்பாதைகள் பின்பற்றியது இந்த மதராஸ் நேரத்தைத்தான். டிப்ருகரில் உள்ள தமிழருக்கும் அகமதாபாத்தில் உள்ள தமிழருக்கும் கடிகாரம் ஒன்றே. ஆனால் அவ்வூர்களிடையே ஏறத்தாழ 22½ பாகை வேறுபாடு இருப்பதால், டிப்ருகரில் ஞாயிறு உச்சிக்கு வந்து 90 நிமிடம் கழிந்த பின்னரே அகமதாபாத்தில் உச்சிக்கு வருகிறது.

நிறைவாக, பெற்றோருக்கு ஒரு சொல். நம் பிள்ளைகள் இக்கணக்கைப் பிறமொழி வழியே கற்கின்றனர். நாம் விகிதம் என்பதை இந்தியில் 'அனுபாத்' என்பர். மராத்தியில் 'குணோத்தர்' என்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஒரு மொழியின் சொல்லுக்கு மற்றொரு மொழியில் முழு நிகரான சொல் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது தெரியும். ஆனால் 3 : 4 என்பது எம்மொழியிலும் 3 : 4 தான். பள்ளியின் மொழி நமக்கு வராது என்பதால் பிள்ளையின் கணக்கிலிருந்து ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. "எது சமமாக இருக்கிறது? தூரமா, வேகமா, காலமா?" என்று தமிழில் கேளுங்கள். சமமானது எதுவென்று கண்டபின், விகிதம் நேரா, தலைகீழா என்று கேளுங்கள். பிறகு பங்குகளை எழுதச் சொல்லி, ஒரு பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லத் தெரிந்த பிள்ளை, எம்மொழித் தேர்வுத்தாளையும் அஞ்சாது கையில் வாங்கும்.

முயன்று பார்க்க ஒரு கணக்கு: தம்பி பள்ளிக்குப் புறப்பட்டு 10 நிமிடம் கழிந்தபின், அவன் மறந்துவைத்த சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அக்காள் பின்தொடர்கிறாள். தம்பியின் வேகத்துக்கும் அக்காளின் வேகத்துக்கும் உள்ள விகிதம் 4 : 5. தம்பிக்குப் பள்ளி 45 நிமிட நடை. வழியிலேயே அவனை எட்டிப்பிடிப்பாளா? விடை: எட்டிப்பிடிக்க மாட்டாள், அவன் பள்ளியை அடைந்து ஒரு நிமிடம் கழித்து அவள் வாயிலில் நிற்பாள்.